ஏழாம் முறையும் கடலைப் பார்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு ஓர் அம்மா மட்டும் தயங்கி நின்றார். மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் திருப்பலிக்குத் தவறாதவர். "சாமி, முப்பது வருஷமா செபமாலை சொல்றேன். அதே கோபம், அதே கவலை, அதே பலவீனம். நான் வளர்ந்த மாதிரியே தெரியல. இன்னும் எதுக்கு சாமி?" என்று கேட்டார்.

"கவலைப்படாதீங்க அம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவசரமாகச் சொல்லும் ஆறுதல் என்ன செய்யும் என்பதை நான் என் வாழ்வில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, "அடுத்த வானொலி மறையுரையில் இதைப் பற்றியே பேசுகிறேன், கேளுங்கள்" என்று சொன்னேன். கிறிஸ்தவ வாழ்வில் நிலைத்திருப்பது என்றால் என்ன? வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாதபோது எப்படி நிலைத்திருப்பது? இதுதான் இன்றைய நம் சிந்தனை.

ஒரு தந்தையும் ஒரு தவறான சொல்லும்

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்ப விழா. ஏரோதுக்குத் தப்ப யோசேப்பு குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியதுதான் அன்றைய நற்செய்தி (மத் 2:13-15, 19-23). அதே காலையில்தான் ஆழிப்பேரலை நம் கரையேறியது. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடலோரமெங்கும் தாயும் தந்தையும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லோராலும் ஓடி முடியவில்லை.

அப்போது நான் இளம் குரு. மக்கள் தங்கவைக்கப்பட்டிருந்த முகாம் ஒன்றுக்குப் போனேன். தன் மகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீன்பிடித் தொழிலாளி, ஞாயிறு தவறாதவர். அருகில் அமர்ந்து, "எல்லாம் கடவுளின் சித்தம். அவர் நன்மைக்குத்தான் செய்வார்" என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அந்த ஞாயிறும் வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. பல ஆண்டுகள் ஆலயத்தின் பக்கமே வரவில்லை.

அவருடைய மனைவி மட்டும் வந்துகொண்டிருந்தார். அவரைத் தவிர ஊர் உபதேசியார் ஒருவர், வயதானவர், அவரை விடவில்லை. ஞாயிறு மாலைகளில் கடற்கரைக்குப் போவார். அந்த மனிதர் வலையைப் பரப்பி வைத்துக் கிழிந்த கண்களைக் கோத்துக்கொண்டிருப்பார். இவரும் எதிரில் உட்கார்ந்து வலையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். கோவிலுக்கு வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நூல், மீன், காற்று, விலைவாசி இவைதான் பேச்சு.

ஏழு ஆண்டுகள் கழித்து, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளில், கல்லறைத் தோட்டத்தில் கையில் ஒரு மெழுகுதிரியோடு அவர் கடைசியில் நின்றார். மந்திரிப்பு முடிந்ததும் நான் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்கு முன் அவரே சொன்னார்: "கோவம் இன்னும் போகல சாமி. கோவத்தோடதான் வந்திருக்கேன்."

இப்போதும் அவர் திருப்பலிக்கு வருகிறார். கடைசி வரிசைதான் அவர் இடம். அவர் சம்மதத்தோடுதான், பெயர் சொல்லாமல், இதை உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன். நிலைத்திருத்தல் பற்றிக் குருமடத்தில் நான் படித்த பாடம், அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் எனக்குப் புரிந்தது.

"மன உறுதி" என்ற சொல்லுக்குள்

புதிய ஏற்பாட்டில் "பொறுமை" என்றும் "மன உறுதி" என்றும் நாம் வாசிக்கும் இடங்கள் பலவற்றில் கிரேக்க மூலத்தில் இருப்பது "ஹுப்பொமொனே" என்ற சொல். "ஹுப்போ" என்றால் கீழே. "மெனெய்ன்" என்றால் தங்குதல், இருத்தல். ஒரு பாரத்தின் கீழே அகன்றுவிடாமல் தங்கியிருப்பது என்பது இச்சொல்லின் அடிப்படைப் பொருள். பாரம் இல்லாததுபோல் நடிப்பது அல்ல, பாரத்தை ஒரே மூச்சில் தூக்கி எறிவதும் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடியாகவும் நம்மைக் கிளைகளாகவும் சொல்லி, தம்மோடு இணைந்திருக்கும்படி கேட்கிறார். அந்த "இணைந்திருத்தல்" என்பதும் அதே "மெனெய்ன்" என்ற சொல்தான். ஆகவே கிறிஸ்தவனின் மன உறுதி என்பது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது மட்டும் அல்ல. ஒருவரோடு ஒட்டியிருப்பது. கிளை எவ்வளவு வலுவானது என்பது முக்கியம் இல்லை, கொடியில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதும்போது, துன்பத்திலிருந்து மன உறுதியும், அதிலிருந்து தகைமையும், அதிலிருந்து எதிர்நோக்கும் பிறப்பதாகப் படிப்படியாகக் காட்டுகிறார் (உரோ 5:3-5). துன்பத்திலிருந்து நேராக எதிர்நோக்குக்குத் தாண்டுவதற்கு அவர் வழி சொல்லவில்லை. இடையிலுள்ள இரண்டு படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும். முகாமில் நான் செய்த தவறு அதுதான். அந்தத் தந்தையை ஒரே நிமிடத்தில் கடைசிப் படிக்குத் தூக்கிவிடப் பார்த்தேன்.

முறையிட்டவரும் நிலைத்திருந்தவரே

யோபு என்றதும் வாய் திறவாமல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட ஒருவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். யோபு நூலைத் திறந்து வாசித்துப் பாருங்கள். 3ஆம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன்பின் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். ஆனாலும் திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தில் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது இதே யோபுவைத்தான் (யாக் 5:11). அங்கும் வருவது அதே "ஹுப்பொமொனே".

எப்படி? யோபு கடவுளைப் பற்றி ஊராரிடம் முறையிட்டுவிட்டு அகன்று போகவில்லை. கடவுளிடமே முறையிட்டார். கோபத்திலும் அவர் முகம் கடவுளை நோக்கியே இருந்தது. அவருடைய துன்பத்துக்கு அழகாக விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான் ஆண்டவர் இறுதியில் கடிந்துகொள்கிறார் (யோபு 42:7). இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகாமின் சுவர் நினைவுக்கு வரும். அன்று நான் பேசியது யோபுவின் நண்பர்களுடைய பேச்சு.

இந்த யோபுவின் கதை நம் தமிழ் மண்ணிலும் ஒரு புனிதரை உருவாக்கியது. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டப் பிள்ளை, குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து மனம் சோர்ந்திருந்தார். அப்போது டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். நீலகண்டர் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1749இல் கைது செய்யப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவருடைய மறைசாட்சியத்தைப் பேசும்போது நாம் பெரும்பாலும் கடைசி நாளை மட்டும் பேசுகிறோம். நான் நினைத்துப் பார்ப்பது நடுவில் இருந்த அந்த ஏறக்குறைய மூன்று ஆண்டுகளை. விசுவாசத்தை விட்டுவிட்டிருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அப்படியானால் அவர் ஒரே ஒரு நாள் "ஆம்" என்று சொல்லவில்லை. ஒவ்வொரு விடியலிலும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. நேற்றைய "ஆம்" இன்றைக்குப் போதவில்லை. நமக்கும் அப்படித்தான்.

எட்டாம் நாள் வந்த தோமா

2002இல் உருவான நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்துக்குள்தான் பரங்கிமலை இருக்கிறது. திருத்தூதர் தோமா 72ஆம் ஆண்டில் அங்கே இரத்தம் சிந்தினார் என்பது நம் மூதாதையர் வழிவழியாகக் காத்துவந்த நம்பிக்கை. படியேறி அந்த மலைக்குப் போகும் நாம் அவரை ஐயப்பட்டவர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். யோவான் 20ஆம் அதிகாரத்தைச் சற்று மெதுவாக வாசித்தால் இன்னொன்றும் தெரியும்.

உயிர்த்த ஆண்டவர் முதல் ஞாயிறு தோன்றியபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் ஆண்டவரைக் கண்டதாகச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனால் எட்டு நாள்களுக்குப் பின் சீடர்கள் கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடு இருந்தார் (யோவா 20:26). நம்பிக்கை வராத நிலையிலும் அவர் அந்த வீட்டுக்கு வந்தார். அந்த எட்டு நாள்களும் அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும்? மற்றவர்கள் மகிழ்ச்சியில் இருக்க, தாம் மட்டும் வறண்ட மனதோடு அவர்கள் நடுவில் இருப்பது எளிதா?

மற்றச் சீடர்களையும் பாருங்கள். "நம்பாதவனுக்கு இங்கே இடமில்லை" என்று அவர்கள் கதவைச் சாத்தவில்லை. தோமாவின் இடத்தைத் தோமாவுக்காக வைத்திருந்தார்கள். அவர் நிலைத்திருந்தார், அவருக்காக அவர்களும் நிலைத்திருந்தார்கள். ஆகவே நிலைத்திருத்தல் என்பது தனி ஒருவரின் சாதனை அல்ல. கடற்கரையில் வலையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த உபதேசியார் ஏழு ஆண்டுகள் செய்தது, அந்தச் சீடர்கள் எட்டு நாள்கள் செய்ததைத்தான்.

திருத்தூதர் பணிகளில் வரும் மாற்கு என்னும் யோவானையும் இங்கே நினைக்கலாம். முதல் மறைப்பயணத்தின் நடுவிலேயே பவுலையும் பர்னபாவையும் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பியவர் அவர் (திப 13:13). அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிச்செல்ல பவுல் மறுத்தார். பர்னபா அவரைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் அதே பவுல், மாற்கு தம் பணிக்குப் பயன்படுவார், அழைத்து வா என்று திமொத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 திமொ 4:11). பாதியில் திரும்பியவரின் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை, ஏனெனில் அவருக்கு ஒரு பர்னபா இருந்தார்.

கார்மேல் மலையில் ஏழு முறை

கோவளத்தில் 1808இல் கட்டப்பட்ட ஆலயம் கார்மேல் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கார்மேல் என்பது கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மலை. நீண்ட பஞ்சத்துக்குப் பின் இறைவாக்கினர் எலியா அந்த மலையுச்சியில் தரையில் குனிந்து மன்றாடினார். தம் பணியாளரிடம், போய்க் கடலைப் பார் என்றார். அவர் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இப்படியே திரும்பத் திரும்ப அனுப்பினார். ஏழாம் முறைதான் மனிதனின் உள்ளங்கை அளவில் ஒரு சிறு மேகம் கடலிலிருந்து எழும்புவது தெரிந்தது (1 அர 18:42-45).

கடலைப் பார்த்துக் காற்றையும் மழையையும் கணிக்கும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்தாம் முறை பார்த்தபோதும் வானம் வெறுமைதான், ஆறாம் முறையும் வெறுமைதான். அந்த ஆறு முறையும் வீண் என்று சொல்ல முடியுமா? ஆறாம் முறையோடு நிறுத்தியிருந்தால் ஏழாம் முறை இல்லை.

அடுத்த அதிகாரத்தில் இதே எலியா ஈசபேலின் மிரட்டலுக்குப் பயந்து பாலைநிலத்துக்கு ஓடுகிறார். ஒரு செடியின் அடியில் படுத்து, சாவதே மேல் என்று மன்றாடுகிறார். மலையில் ஏழு முறை சோராதவர், ஒரே நாளில் சோர்ந்துவிட்டார். கடவுள் அவரைத் திட்டவில்லை. வானதூதர் அப்பமும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பினார். உண்டுவிட்டு எலியா மீண்டும் படுத்துக்கொண்டார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து, பயணம் நீண்டது, எழுந்து சாப்பிடு என்றார் (1 அர 19:4-8). அந்த அப்பத்தின் வலிமையால் அவர் நாற்பது நாள் நடந்தார். ஞாயிறுதோறும் நாம் பலிபீடத்தை நோக்கி வருவதும் இதற்காகத்தான். நற்கருணை வளர்ந்து முடிந்தவர்களுக்கான பரிசு அல்ல, வழியில் விழுந்து கிடப்பவர்களை எழுப்பும் உணவு.

இது ஒரு கொடை

இங்கே திரு அவையின் போதனை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் புனித அகுஸ்தீனார் நிலைத்திருத்தலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இறுதிவரை நிலைத்திருப்பது நம் சம்பாத்தியம் அல்ல, கடவுளின் கொடை என்பதே அதன் மையக் கருத்து. 1547இல் திரிதெந்து பொதுச்சங்கமும் இதை உறுதிசெய்தது. தாம் உறுதியாக நிலைத்திருப்போம் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள முடியாது. அதே வேளையில் கடவுளின் உதவியை உறுதியாக எதிர்நோக்கலாம்.

"கொடை என்றால் நாம் சும்மா இருக்கலாமா சாமி?" என்று கேட்பீர்கள். கொடையைக் கேட்க வேண்டும். அதை நாம் நாள்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அருள் நிறைந்த மரியே செபத்தின் இறுதியில் இரண்டே நேரங்களுக்காக அன்னையின் மன்றாட்டைக் கேட்கிறோம்: இந்த நேரம், நம் இறப்பின் நேரம். ஒருநாள் இந்த இரண்டும் ஒரே நேரமாகிவிடும். அதுவரை "இப்பொழுது" ஒவ்வொன்றிலும் நிலைத்திருக்க அருள் கேட்கிறோம். முப்பது ஆண்டுகள் செபமாலை சொன்ன அந்த அம்மா, ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று முறை இந்தக் கொடையைக் கேட்டிருக்கிறார். அந்தக் கொடை கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கிடைத்ததனால்தானே முப்பது ஆண்டுகளும் வந்திருக்கிறார்!

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சிறிதாகத் தொடங்கித் தவறாமல் செய்வோம். தவக்காலத்தின் முதல் வாரம் ஒரு மணி நேரம் செபித்துவிட்டு மூன்றாம் வாரம் நிறுத்திவிடுவதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் நற்செய்தி வாசிப்பது மேல். மாமல்லபுரத்து இரதங்களைப் பார்த்திருப்பீர்கள். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். உச்சியில் எவ்வளவு நுணுக்கம்! ஆனால் சிலவற்றின் அடிப்பகுதி இன்றும் முடியாமல் நிற்கிறது. பாறையில் ஒரு நாள் வேலை கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத நாள்கள் நின்றுபோனால் இரதமும் நின்றுபோகும்.

இரண்டாவது, வறட்சியில் முடிவை மாற்றாதிருப்போம். செபத்தில் சுவை இல்லாத காலத்தில், நல்ல மனநிலையில் எடுத்த தீர்மானங்களைக் கைவிடக் கூடாது என்பது புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்மிக விதி. கல்கத்தாவின் புனித அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளை அனுபவித்தார் என்பதை, 2007இல் வெளியான அவருடைய கடிதங்களிலிருந்துதான் உலகம் அறிந்தது. அந்த இருளோடுதான் அவர் நாள்தோறும் நற்கருணையின்முன் முழந்தாளிட்டார், ஏழைகளின் புண்களைக் கழுவினார். சுவை இல்லாத செபம் பயனற்ற செபம் அல்ல.

மூன்றாவது, ஒப்புரவு அருளடையாளத்துக்குச் சலிக்காமல் வருவோம். "அதே பாவத்தை எத்தனை முறை சொல்வது?" என்ற வெட்கம் பலரைத் தடுக்கிறது. ஒரே இடத்தில் மீண்டும் கிழிந்தது என்பதற்காக யாரும் வலையைக் கடலில் எறிந்துவிடுவதில்லை. திரும்பவும் உட்கார்ந்து கோக்கிறார்கள். ஆண்டவர் அழைத்தபோது யாக்கோபும் யோவானும்கூட வலையைச் சீர்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள் (மாற் 1:19).

நான்காவது, தனியாக நடக்க வேண்டாம். அன்பியக் கூட்டத்தில் பேச வராவிட்டாலும் போய் உட்காருங்கள். தோமாவைப்போல், மனம் வராத நாளிலும் உடலையாவது கொண்டுபோய்ச் சேருங்கள். மனம் பின்னால் வரும்.

யாருடைய இடம் காலியாக இருக்கிறது?

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். அம்மா, கிளை தான் வளர்வதைத் தானே பார்ப்பதில்லை. அதே கோபத்தோடும் அதே கவலையோடும் முப்பது ஆண்டுகள் கொடியை விட்டுப் பிரியாமல் இருந்திருக்கிறீர்கள். அதுவே கடவுள் உங்களில் செய்த வேலை. ஏழாம் முறையும் கடலைப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் உட்காரும்போது உங்கள் பக்கத்தில் யாருடைய இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். மரணம், கடன், குடும்பச் சண்டை, ஒருவேளை என்னைப் போன்ற ஒரு குருவானவரின் யோசனையற்ற சொல், ஏதோ ஒன்று அவரைத் தடுத்திருக்கும். அவரிடம் போங்கள். அறிவுரை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த மறையுரையை எங்கோ கேட்டுக்கொண்டோ வாசித்துக்கொண்டோ இருக்கும் நீங்களே அந்தக் காலி இடத்துக்கு உரியவராக இருந்தால், கோபம் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோபத்தோடே வாருங்கள். கதவு திறந்திருக்கிறது.

செபிப்போமாக. அன்புத் தந்தையே, தொடங்கியதை முடிக்கும் வலிமை எங்களிடம் இல்லை, உம்மிடம் இருக்கிறது. சோர்ந்த நாளில் எங்களை எழுப்பி உணவு தாரும். திரும்பி வருபவர்களுக்கு இடம் வைத்திருக்கும் மனதை எங்கள் பங்குக்குத் தாரும். கார்மேல் அன்னையும், திருத்தூதர் தோமாவும், புனித தேவசகாயமும் எங்களுக்காக மன்றாட, இறுதிவரை உம் திருமகனோடு இணைந்திருக்கும் அருளை எங்களுக்குத் தந்தருளும். எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.